கப்பலேறிய ஹாஜிகளும் அவர்களின் பயண மூட்டையும்

 

 

ஆண்டுதோறும் நம் மஹல்லாவிலிருந்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுவோரைப் பள்ளிவாசல் வாயிலில் நின்று துஆச் செய்து வழியனுப்பி வருகிறோம். முஸாஃபஹா செய்து, கண்ணீர் மல்க ஸலாம் கூறிப் பிரியும் அந்த வேளையில், வேனின் மேல் ஏற்றப்படும் பெட்டிகளின் மீதும் அடியேனுடைய பார்வை செல்வதுண்டு. ஒருவருக்கு இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பெட்டி, தோளில் ஒரு பை, அதற்கு மேலும் உறவினர் கடைசி நேரத்தில் கொண்டுவந்து திணிக்கும் பலகாரப் பொட்டலங்கள். சில மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் விமானப் பயணத்துக்கே இவ்வளவு என்றால், வாரக்கணக்கில் கடலில் மிதந்து சென்ற நம் முன்னோர் எதைக் கொண்டு சென்றார்கள்? எதை வீட்டிலேயே விட்டுச் சென்றார்கள்? கொண்டு சென்றதை எப்படி அடுக்கி வைத்தார்கள்? இக்கேள்விகளுக்கு வரலாறு தரும் விடைகள் பலவும் படிப்பினை நிறைந்தவை. அவற்றுட் சிலவற்றை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வெறுங்கையும் அல்ல, பெருஞ்சுமையும் அல்ல

பயணத்துக்கான கட்டுச்சோற்றையும் தேவைப் பொருள்களையும் அரபு மொழியில் 'ஸாத்' என்பர். ஹஜ் தொடர்பான வசனங்களுக்கிடையே (அல்குர்ஆன் 2:197) இந்த ஸாதைத் தேடிக்கொள்ளும்படி அல்லாஹு தஆலா கட்டளையிடுகிறான். அவ்வசனத்தின் பின்னணியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். யமன் நாட்டார் சிலர், தாங்கள் இறைவனையே நம்பியிருப்பவர்கள் என்று கூறிக்கொண்டு, உணவு ஏதுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வருவார்களாம். மக்கா வந்து சேர்ந்ததும் பிறரிடம் கையேந்துவார்களாம். அந்த வழக்கத்தைத் திருத்தவே இவ்வசனம் இறங்கியது. தேவையானதை எடுத்துச் செல்லாமல் பிறர் மீது பாரமாக விழுவது தவக்குல் ஆகாது என்பது இதனால் விளங்கும். அதே வசனம், தேடிக்கொள்ளும் பொருள்களில் எல்லாம் சிறந்தது இறையச்சமே என்பதையும் உணர்த்தி நிற்கிறது.

மறுபுறத்தையும் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குச் சென்றபோது எளிய சேணம் பூட்டிய ஒட்டகத்தில்தான் சென்றார்கள் என்றும், அவர்களைச் சுமந்த அதே ஒட்டகமே அவர்களின் சாமான்களையும் சுமந்தது என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சாமான்களுக்கெனத் தனி ஒட்டகம் ஒன்று தேவைப்படவில்லை. முழு அரபுத் தீபகற்பமும் தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த நாளில், அந்தத் தலைவரின் பயண மூட்டை அவ்வளவு சிறியதாக இருந்தது. வெறுங்கையோடு போய்ப் பிறருக்குப் பாரமாவதும் தவறு. பெருஞ்சுமையோடு போய் இடத்தை அடைப்பதும் தவறு. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அளவைத் தேடியதே ஹஜ் பயண மூட்டையின் வரலாறு எனலாம்.

அறை சிறிதென்று மாற்றிய மூட்டை

கடற்பயணத்தில் சாமான்கள் என்னவாகும் என்பதற்கு உலகறிந்த பயணி இப்னு பதூதாவின் அனுபவத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 14ஆம் நூற்றாண்டின் நாற்பதுகளில், தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைச் சீனப் பேரரசரிடம் தூதராக அனுப்பினார். விலைமதிப்பற்ற அன்பளிப்புகளுடன் அவர் கோழிக்கோட்டுத் துறைமுகத்தை வந்தடைந்தார். பெரிய சீனக் கப்பலில் அவருக்குக் கிடைத்த அறை சிறியதாக இருந்தது. அவ்வறை பொருந்தாது என்று பணியாள் முறையிடவே, அவருடைய சொந்த உடைமைகள் யாவும் சற்றுச் சிறிய வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டன. அவர் மட்டும் ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார்.

பிறகு புயல் வீசியது. அன்பளிப்புகள் ஏற்றப்பட்டிருந்த பெரிய கப்பல் உடைந்து, அதிலிருந்தோர் மாண்டனர். அவருடைய உடைமைகள் இருந்த சிறிய கப்பலின் மாலுமிகள், இந்தக் கதியைக் கண்டதும் பாய் விரித்து அவரை விட்டுவிட்டே சென்றுவிட்டனர். கரையில் நின்ற இப்னு பதூதாவிடம் எஞ்சியவை பத்து தீனார்களும், படுத்துறங்கும் விரிப்பு ஒன்றும் மட்டுமே.

அதன்பின் அவர் மாலத்தீவு, இலங்கை வழியாக நம் தமிழகக் கரையாகிய மஃபருக்கு வந்து, மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் விருந்தினராகத் தங்கியதும் வரலாறு. அங்கிருந்து மீண்டும் மேற்குக் கரை நோக்கிச் சென்றபோது, கடற்கொள்ளையர் பன்னிரண்டு கப்பல்களில் வந்து சூழ்ந்துகொண்டனர். இலங்கை மன்னர் அளித்த முத்துகளும் மாணிக்கங்களும் உட்பட அனைத்தும் பறிபோயின. அணிந்திருந்த கால்சட்டை ஒன்றே மிச்சம். ஆயினும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை; சீனத்துக்கும் சென்றார், மீண்டும் ஹஜ்ஜும் செய்தார். அவர் இழந்த மாணிக்கங்கள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. அவர் நெஞ்சில் சுமந்து வந்த அறிவோ இன்றும் நமக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.

அரச குடும்பத்தாரும் இச்சோதனைக்கு விலக்கல்லர். பேரரசர் பாபரின் மகளார் குல்பதன் பேகம் 1576இல் சூரத் துறைமுகத்திலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பலேறினார். அவ்வாறு ஏறுவதற்கே, கடலை ஆண்ட போர்ச்சுகீசியரின் அனுமதிச் சீட்டுக்காக ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் ஏடன் அருகே கப்பல் சேதமுற்று, மாதக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தது. 1582இல்தான் தலைநகர் வந்து சேர்ந்தார். 1864ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜித்தாவில் இறங்கிய போபால் அரசி சிக்கந்தர் பேகம், தம் பரிவாரத்தின் பெட்டிகள் அங்கே சுங்கத்தில் பட்ட பாட்டைத் தம் பயண நூலில் மனம் வருந்திக் குறிப்பிட்டிருக்கிறார். பெட்டிகளின் எண்ணிக்கை கூடக் கூடக் கவலையின் எண்ணிக்கையும் கூடும் என்பதற்கு அரசியின் அனுபவமே போதுமானது.

பதினாறு சதுர அடி

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் நீராவிக் கப்பல்கள் பெருகின. பாய்மரக் கப்பலில் காற்றை எதிர்பார்த்துக் கிடந்த நிலை மாறி, சாமானிய மக்களும் ஹஜ்ஜை நினைத்துப் பார்க்கத் தொடங்கினர். பம்பாய்த் துறைமுகமே இந்திய ஹாஜிகளின் தலைவாயிலாயிற்று. 1877இல் அங்கே தொடங்கப்பட்ட 'பாம்பே அண்ட் பெர்ஷியா' நீராவிக் கப்பல் நிறுவனம், பிற்காலத்தில் 'மொகல் லைன்' என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. 1886இல் ஆங்கில அரசு, புகழ்பெற்ற தாமஸ் குக் நிறுவனத்தையே ஹாஜிகளின் பயண முகவராக நியமித்துப் பார்த்தது. அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை.

கப்பல்கள் பெருகியதும் நெரிசலும் பெருகியது. காலரா போன்ற கொள்ளைநோய்கள் கப்பலோடு கப்பலாகப் பரவின. எனவே உலக நாடுகள் கூடிச் சட்டம் வகுத்தன. 1926ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கையெழுத்தான சர்வதேச சுகாதார ஒப்பந்தத்தில் ஹஜ் கப்பல்களுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. அதன்படி ஒவ்வொரு பயணிக்கும் கப்பலின் தட்டில் ஒதுக்கப்பட வேண்டிய இடம் ஒன்றரைச் சதுர மீட்டர், அதாவது 16 சதுர அடி. ஆறடி நீளத்துக்குப் படுத்தால் அகலம் இரண்டேமுக்கால் அடிக்கும் சற்றுக் குறைவு. ஒரு பாயை விரித்தால் அவ்வளவுதான். அந்தப் பாயின் மீதுதான் உறக்கம், உணவு, தொழுகை, திக்ரு, ஓதல் அனைத்தும் நிகழ வேண்டும்.

இத்தகைய இடத்தில் ஒருவர் பெரிய தகரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? அவர் கால் நீட்ட முடியாது. அல்லது பக்கத்திலுள்ளவரின் பாயில் பெட்டி போய் அமரும். ஆகவே அதே ஒப்பந்தம் மூட்டைக்கும் விதி வகுத்தது. கனத்த சாமான்கள் பதிவு செய்யப்பட்டு எண்ணிடப்பட வேண்டும். பயணி தம்முடன் வைத்துக்கொள்ளலாகும் பொருள்கள் கட்டாயத் தேவைக்குரியவை மட்டுமே. மேல்தட்டில் இடத்தை அடைக்கும் பொருள் எதுவும் இருத்தல் கூடாது. இரவும் பகலும் அது பயணிகளுக்கென விடப்பட வேண்டும். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து லிட்டர் குடிநீர் இலவசமாகத் தரப்பட வேண்டும்.

இவ்விதிகளை வகுத்தவர்கள் அயல்நாட்டு அதிகாரிகள். ஆயினும் அவற்றின் உட்கருத்து நம் மார்க்கத்துக்குப் புதியதன்று. ஒருவருடைய சுமை இன்னொருவருடைய இடத்தைப் பறிக்கக் கூடாது. அது பிறர் உரிமை, அதாவது ஹுகூகுல் இபாத் சார்ந்த விஷயம். மஸ்ஜிதின் ஸஃப்பில் அகலமாக அமர்ந்து அண்டை மனிதரை நெருக்குவது எப்படியோ, அப்படியே இதுவும்.

கம்ரான் தீவின் நீராவி

செங்கடலின் தென்வாயிலைக் கடந்ததும் கம்ரான் என்றொரு சிறு தீவு உண்டு. 1882இல் அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் தொடங்கப்பட்டது. இந்தியாவிலிருந்தும் கிழக்கு நாடுகளிலிருந்தும் வரும் ஹஜ் கப்பல்கள் அங்கே நின்றாக வேண்டும். பயணிகள் கரையிறக்கப்பட்டுக் குளிப்பாட்டப்படுவர். அவர்களின் துணிமணிகள் நீராவிக் கொதிகலனுள் வைத்துக் கிருமி நீக்கம் செய்யப்படும். மூட்டையை அவிழ்த்து மீண்டும் கட்டும் வேலையை அங்கே எண்ணிப் பாருங்கள். பத்து உருப்படி கொண்டுவந்தவர் பத்தையும் எண்ணி எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் திரும்புவார். நாற்பது உருப்படி கொண்டுவந்தவர், ஈரத்துணிக் குவியலில் தம்முடையதைத் தேடிக்கொண்டு நிற்பார். இந்நிலையம் 1950களின் தொடக்கம் வரை செயல்பட்டது.

ஜித்தாவை அடைந்தபின்னும் சோதனை முடிந்துவிடாது. பவளப்பாறைகள் மிகுந்த அக்கரையில், புதிய துறைமேடை கட்டப்படுமுன், பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் சாமான்களும் 'சம்பூக்' என்னும் சிறு படகுகளில் மாற்றப்பட்டுக் கரை சேர வேண்டும். ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்கு இறங்கும் வேளையில், கையில் எதைப் பிடிப்பது, பெட்டியையா, ஏணிக் கயிற்றையா? கரை சேர்ந்தபின் மக்காவுக்கு ஒட்டகம். ஒட்டகத்தின் இருபுறமும் கட்டிய 'ஷுக்துஃப்' என்னும் தொட்டில் போன்ற இருக்கையில், பக்கத்துக்கு ஒருவராக இருவர் அமர்வர். சாமான் மிகுந்தால் இன்னோர் ஒட்டகம், இன்னொரு வாடகை. 1920களின் பிற்பகுதியில் மோட்டார் வாகனங்கள் வரத் தொடங்கிய பிறகே அந்நிலை படிப்படியாக மாறியது.

திருப்பூர் ரயிலடியிலிருந்து

இவையெல்லாம் நூல்களில் படித்தவை. நேரில் கேட்டறிந்த ஒன்றையும் சொல்ல வேண்டும்.

அல்லாஹ்வின் ரஹ்மத்தில் சேர்ந்துவிட்ட பெரியவர் ஒருவர், 1970களில் 'அக்பர்' கப்பலில் ஹஜ் செய்தவர். தறி ஓட்டிப் பிழைத்தவர். இஷாவுக்குப் பின் பள்ளியின் திண்ணையில் அமர்ந்து, அந்தப் பயணத்தை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். அன்று நம் பல்லடம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009இல்தான். பல்லடத்திலிருந்து திருப்பூர் ரயிலடி, அங்கிருந்து அரக்கோணம், அரக்கோணத்தில் பம்பாய் மெயில். ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், புனே என்று ரயில் போய்க்கொண்டே இருக்கும். பம்பாயில் சாபு சித்தீக் முஸாஃபிர்கானா போன்ற பயணியர் விடுதிகளில் தங்கி, தடுப்பூசிச் சான்று, பயணச் சீட்டு, அந்நியச் செலாவணி ஆகிய வேலைகளை முடிக்க வேண்டும். (பணம் கொண்டு செல்வதிலும் அக்காலத்தில் கட்டுப்பாடு உண்டு. 1959இல் ரிசர்வ் வங்கி ஹாஜிகளுக்கெனத் தனியாகப் பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளையே வெளியிட்டிருந்தது.) பிறகுதான் கப்பல்.

அப்பெரியவர் மூன்று மூட்டைகள் கட்டினாராம். முதலாவது தகரப்பெட்டி. அதன் மேல் நம்மூர்க் காடாத்துணியால் உறை தைத்து, கறுப்பு மையால் பெயர், ஊர், பயண எண் ஆகியவற்றை நான்கு பக்கமும் எழுதியிருந்தார். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், புளி, மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு பாத்திரம் ஆகிய மக்காவில் தேவைப்படும் பொருள்கள் அதனுள் இருந்தன. அப்பெட்டி கப்பலின் அடித்தளத்துக்குச் சென்றுவிடும். ஜித்தாவில்தான் மீண்டும் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, படுக்கைக்கு அடியில் வைக்கும் துணி மூட்டை. மாற்றுடை இரண்டு, போர்வை ஒன்று, உளூச் செய்யச் சிறு செம்பு, குமட்டலுக்கு ஊறுகாயும் எலுமிச்சையும். மூன்றாவது, தோளைவிட்டு இறங்காத பை. அதில் பயணத் தாள்கள், பணம், மருந்து, குர்ஆன், துஆ ஏடு, இஹ்ராம் துணி.

"எதையாச்சும் வெக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு கையில தூக்கி இந்தத் திண்ணையில நாலு நடை நடந்து பார்ப்பேன் அஜரத். மூச்சு வாங்குச்சுன்னா ஒண்ண எடுத்து வெளிய வெச்சுருவேன்" என்பார்.

மூன்று மூட்டைகளிலும் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு சிறு நோட்டில் எழுதி, அதை மூன்றாவது பையில் வைத்திருந்தாராம். கப்பலில் ஒவ்வொரு பயணத்துக்கும் அமீருல் ஹஜ் ஒருவர் பொறுப்பாக இருப்பார். ஹஜ் வகுப்புகள் நடக்கும், பாங்கு ஒலிக்கும், ஜமாஅத் நடக்கும். சாமானைத் தேடி அலையாதவருக்கே அவற்றில் கலந்துகொள்ள நேரம் கிடைத்தது என்பது அவர் அனுபவம். கடல் கொந்தளித்த இரண்டு நாள்களில் அவிழ்ந்த மூட்டைகளெல்லாம் தளத்தில் உருண்டோடியபோது, தம் மூட்டை மட்டும் கட்டிய இடத்திலேயே இருந்ததை ஒரு சிறு பெருமிதத்துடன் சொல்வார்.

யலம்லம் வருமுன்

அந்த மூன்றாவது பையில் இஹ்ராம் துணி ஏன் இருந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஹஜ், உம்ராவுக்குச் செல்வோர் இஹ்ராமின்றிக் கடக்கக் கூடாத எல்லைகளுக்கு 'மீக்காத்' என்று பெயர். யமன் திசையிலிருந்து வருவோருக்கு அது யலம்லம். நம் நாட்டுக் கப்பல்களும் அத்திசையிலிருந்தே சென்றதால், யலம்லமுக்கு நேராகக் கப்பல் வருமுன் அறிவிப்புச் செய்வார்கள். உடனே குளித்து, ஆண்கள் தையலில்லா இரு துணிகளை அணிந்து, நிய்யத் வைத்து, தல்பியா முழங்க வேண்டும். நூறு நூறு பேர் ஒரே நேரத்தில் வெண்ணிற ஆடைக்கு மாறும் அக்காட்சியை நினைத்தாலே உள்ளம் உருகும். அவ்வேளையில் இஹ்ராம் துணி அடித்தளத்திலுள்ள தகரப்பெட்டியில் இருந்தால் என்ன செய்வது? இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடந்தால் 'தம்' எனும் பலி கடமையாகும். ஆகவே எதைக் கொண்டு செல்கிறோம் என்பதைப் போலவே எங்கே வைக்கிறோம் என்பதும் வணக்கத்தோடு தொடர்புடையது.

இதை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கும் இந்த அடியேனே இவ்விஷயத்தில் தவறியவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உம்ராவுக்குப் புறப்பட்டபோது, புறப்படும் நாள்வரை பிறருக்கு வழிகாட்டுவதிலேயே கழித்துவிட்டு, என் பெட்டியைக் கடைசி இரவில் அவசரமாக அடுக்கினேன். விமான நிலையத்தில் பெரிய பெட்டியை ஒப்படைத்து, இஹ்ராம் அணிய நினைத்துக் கைப்பையைத் திறந்தால் உள்ளே இரண்டு கிதாபுகளும் பேரீச்சம்பழப் பொட்டலமும் இருந்தன. இஹ்ராம் துணி இல்லை. அது ஒப்படைத்த பெட்டியோடு போய்விட்டது. குழுவினர் முன் நான் நின்ற நிலையை எழுத இயலாது.

வேற்றூர்ப் பெரியவர் ஒருவர், தோளில் ஒரே ஒரு துணிப்பையோடு வந்திருந்தவர், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "அஜரத், ரெண்டு செட்டு கையிலயே வெச்சிருக்கறேன். ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணுன்னு. இதப் புடிங்க" என்று தம் துணியை நீட்டினார். எல்லாரைக் காட்டிலும் குறைவாகக் கொண்டுவந்தவரிடம்தான் பிறருக்குக் கொடுக்க ஒன்று இருந்தது. அப்பெரியவரின் நற்கூலியை அல்லாஹ் பன்மடங்காக்குவானாக.

கப்பல் நின்ற பின்

மொகல் லைன் நிறுவனம் 1986இல் இந்தியக் கப்பல் கழகத்துடன் இணைக்கப்பட்டது. விமானப் பயணம் பெருகப் பெருகக் கப்பல்கள் குறைந்தன. 1995ஆம் ஆண்டோடு மும்பை-ஜித்தா ஹஜ் கப்பல் போக்குவரத்து முடிவுற்றது. 2018இல் அதை மீண்டும் தொடங்குவது பற்றி இரு நாட்டு அரசுகளும் பேசின, கப்பல் புறப்படவில்லை. இன்று கடற்பயணம் என்றால் நம் இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது உல்லாசக் கப்பல். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பல் புறப்பட்டது. அதில் செல்வோருக்கும் பழைய விதி பொருந்தும். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் ஒப்படைத்தால், அது அறைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகும். அதுவரை தேவைப்படுவது தோள்பையில் இருக்க வேண்டும். அறையோ, நம் வீட்டுச் சமையலறை அளவுதான்.

நம்மூரார்க்குப் பெட்டி கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் ஏற்றுமதிப் பெட்டி கட்டும் பிள்ளைகளைப் பாருங்கள். எந்தப் பெட்டியில் எந்த அளவு, எந்த நிறம், எத்தனை உருப்படி, மொத்த எடை எவ்வளவு என்று பட்டியலிட்டுத்தான் ஒட்டுவார்கள். அயல்நாட்டு வியாபாரிக்குக் காட்டும் அந்த ஒழுங்கை, அல்லாஹ்வின் இல்லத்துக்குச் செல்லும்போதும் காட்டினால் போதும். ஆகவே, புறப்பட இருப்போர் கீழ்க்காண்பவற்றை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

1. பெட்டி கட்டுமுன் கடனைக் கட்டுங்கள், பிணக்குத் தீருங்கள், வஸிய்யத் எழுதுங்கள். முதற்சுமை இதுவே.

2. கடவுச்சீட்டு, பணம், அன்றாட மருந்து, மருத்துவர் சீட்டு, இஹ்ராம் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். அவற்றைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்.

3. பெட்டிக்குள் இருப்பவற்றின் பட்டியல் ஒன்று உங்களிடமும், ஒன்று உடன் வருவோரிடமும் இருக்கட்டும். பெட்டியின் வெளியே அடையாளத் துணி தைத்துப் பெயரும் ஊரும் எழுதுங்கள்.

4. மினா, அரஃபா, முஸ்தலிஃபா நாள்களுக்கு ஒரு சிறு பை போதும். அதில் விரிப்பு, மாற்று இஹ்ராம், தண்ணீர்க் குப்பி, மருந்து, குடை ஆகியவை அடங்கிவிடும். குடையை அற்பமாக எண்ணாதீர். 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஹஜ் நாள்கள் ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னோக்கி நகர்வதால், வரும் ஆண்டுகளில் குளிர்காலமும் வரும். பருவத்தைப் பார்த்து உடையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

5. திரும்பும்போது பெட்டி நிறைய வேண்டும் என்று எண்ணி இப்போதே கடைவீதிக் கணக்குப் போடாதீர். ஊருக்கெல்லாம் தொப்பியும் தஸ்பீஹும் வாங்கி வருவது ஹஜ்ஜின் ருக்னும் அல்ல, வாஜிபும் அல்ல. அந்நேரத்தில் ஹரமில் இன்னுமொரு தவாஃப் செய்யலாம்.

கடைசி மூட்டை

அக்காலத்து ஹாஜிகளின் பெட்டியில் தவறாமல் இருந்த பொருள் ஒன்றுண்டு. அது கஃபன் துணி. கப்பலில் மவுத்தானால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுகை நடத்திக் கடலில் இறக்குவார்கள். ஆகவே துணி உடனிருக்க வேண்டும். உயிரோடு மக்கா சேர்ந்தால் அத்துணியை ஸம்ஸம் நீரில் நனைத்து உலர்த்தி எடுத்து வருவார்கள். அவ்வாறு நனைப்பது மார்க்கக் கடமையன்று. அன்பினால் எழுந்த வழக்கம்.

மேலே கூறிய தறிக்காரப் பெரியவர் வஃபாத்தான நாளில், ஃபஜ்ருக்குப் பின் அவர் வீட்டுக்குச் சென்றேன். மகன்கள் அழுதுகொண்டிருந்தனர். கஃபனுக்குக் கடை திறக்க நேரமாகுமே என்று யாரோ கவலைப்பட்டார். அவருடைய மனைவியார் உள்ளே சென்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து காடாத்துணி மூட்டை ஒன்றை எடுத்து வந்து தந்தார். மேலே அதே கறுப்பு மையில் அவர் பெயர். உள்ளே மடிப்புக் கலையாத கஃபன், அத்தர்ச் சிமிழ், ஒரு சிறு நோட்டு. அந்நோட்டில் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எவரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எதை மன்னித்துவிட வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருந்தார். கொடுக்க வேண்டிய கணக்கில் எல்லா வரியும் அடிக்கப்பட்டிருந்தது. எவரும் எதையும் தேடி அலையவில்லை. லுஹருக்கு முன் நல்லடக்கம் முடிந்தது.

கப்பலில் கற்ற பாடத்தை அவர் வீட்டிலும் கைவிடவில்லை என்று அன்று விளங்கிக்கொண்டேன். இம்மலரைப் படித்து முடித்ததும், நம் வீட்டு அலமாரிகளை ஒருமுறை திறந்து பார்ப்போம். நம்மைத் தேடி அழைப்பு வரும் நாளில், நம் பிள்ளைகள் நம் பொருட்டு எதைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம்.

வல்ல ரஹ்மான், ஹஜ்ஜுக்கு நாடியுள்ள நம் ஜமாஅத்தார் அனைவருக்கும் அந்நற்பாக்கியத்தை இலேசாக்கித் தருவானாக! சென்று வந்தோரின் ஹஜ்ஜை மக்பூலும் மப்ரூருமான ஹஜ்ஜாக ஏற்றுக்கொள்வானாக! நம் இம்மைச் சுமையையும் மறுமைச் சுமையையும் இலேசாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.